மிளகு போன வீட்டுக்குத் திப்பிலி வரலாமா? பூனை வைரஸ்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மிளகுக்கு அப்போது ஒன்பது வாரம். வியாழக்கிழமை மாலை வரை திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்த குட்டி, வெள்ளிக்கிழமை காலை தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவர் இரத்தம் எடுத்தார். ஆரோக்கியமான பூனைக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 5,500 முதல் 19,500 வரை வெள்ளணுக்கள் இருக்கும். மிளகின் சீட்டில் 600 என்று இருந்தது. ஞாயிறு விடியும் முன் போய்விட்டது.

அதே வீட்டில், அதே தரையில் புரண்டுகொண்டிருந்த எங்கள் ஐந்து வயதுப் பூனை சுக்குவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்த மாதம் முழுவதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “வைரஸ் வந்த வீட்டில் இனி குட்டி தங்காது” என்றார் ஒருவர். “பினாயில் ஊற்றிக் கழுவி ஒரு வாரம் பூட்டிவைத்தால் போதும்” என்றார் இன்னொருவர். “ஊசி போட்ட குட்டியாகப் பார்த்து எடுங்கள், பயமே இல்லை” என்றார் மூன்றாமவர். “பெரிய பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்படியென்றால் அது தொற்றுநோயே இல்லை” என்றார் எதிர்வீட்டு அத்தை. நான்கு பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். நான்குமே தவறு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் தவறு. அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், புதுக்குட்டி எடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரே சொல்லில் பல திருடர்கள்

“வீட்டில் வைரஸ் இருக்கிறது” என்பது “ஊரில் திருடன் இருக்கிறான்” என்று சொல்வதைப் போன்றது. பஸ்ஸில் பர்ஸை உருவுகிறவன், இரவில் பூட்டை உடைப்பவன், வீட்டோடு இருந்துகொண்டே நகையை எடுப்பவன் எல்லோரும் திருடர்கள்தான். ஆனால் ஒருவனுக்குப் போடும் பூட்டு இன்னொருவனைத் தடுக்காது. பூனைகளைத் தாக்கும் வைரஸ்களும் அப்படித்தான். ஒன்று தரையில் காத்திருக்கும். ஒன்று எச்சிலில் வரும். ஒன்றுக்குக் கடி வேண்டும். ஒன்று பெரும்பாலான பூனைகளிடம் சும்மா இருந்துவிட்டு, ஏதோ ஒன்றிரண்டில் மட்டும் வேறு முகம் காட்டும்.

வைரஸ் என்பது தன்னைப் படியெடுப்பதற்கான குறிப்பு மட்டுமே. அதனிடம் அச்சுக்கூடம் கிடையாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் அச்சுக்கூடத்தில் தன்னை அடித்துக்கொள்கிறது. வெளியில் கிடக்கும்போது அது பெருகாது, நகராது, வெறுமனே கிடக்கும். எத்தனை நாள் கிடக்கும் என்பதில்தான் ஒவ்வொரு வைரஸும் வேறுபடுகிறது.

மிளகைக் கொன்றது பூனைகளின் பார்வோ வைரஸ். நோயின் பெயர் பான்லுகோபீனியா. கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம், ‘லுகோ’ என்றால் வெள்ளை, ‘பீனியா’ என்றால் வறுமை. வெள்ளணுக்கள் மொத்தமாக வற்றிப்போகும் நோய் என்று பொருள். மிளகின் சீட்டில் இருந்த 600 இந்த வறுமைதான். தெருவில் பூனை வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘பார்வோ’ என்கிறார்கள். பல மருத்துவர்கள் நாய்ப் பார்வோவுக்கான சோதனைக் கிட்டையே பூனையின் மலத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவினர் என்பதால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வைரஸுக்கு ஒரு குணம் உண்டு. தூங்குகிற அச்சுக்கூடத்தை எழுப்பத் தெரியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அச்சுக்கூடம்தான் வேண்டும். அதாவது, அந்த நேரத்தில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். உடலில் ஓயாமல் பிரியும் செல்கள் எங்கே? குடலின் உட்சுவரில், எலும்பு மஜ்ஜையில். குடல் போனால் வாந்தி, கழிச்சல், நீரிழப்பு. மஜ்ஜை போனால் வெள்ளணு இல்லை. சிதைந்த குடல் வழியே பாக்டீரியா இரத்தத்தில் புகும்போது தடுக்க ஆளில்லை. வளரும் குட்டியில் இந்த அச்சுக்கூடங்கள் இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடும். தாய் வயிற்றில் இருக்கும்போதே தொற்றினால் சிறுமூளை சரியாக வளராது. பிறந்தபின் குட்டி வாழ்நாள் முழுவதும் தள்ளாடித் தள்ளாடி நடக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ‘வைரஸ்’ என்பது ஒரே ஆள் அல்ல. பார்வோவுக்குப் பிரியும் செல்கள் தேவை, அதனால் குட்டிகளை அது வாரிக்கொண்டு போகிறது.

வெண்ணெய் உருண்டையும் புளியங்கொட்டையும்

அடுத்தது, வீட்டைக் கழுவும் கதை. எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறது? கொழுப்பைக் கரைத்து எடுக்கிறது. சில வைரஸ்கள் தம்மைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்பு உறையை அணிந்திருக்கின்றன. சோப்பு பட்டால் உறை கரையும். உறை போனால் வைரஸ் செத்ததற்குச் சமம். வெயிலில் வைத்த வெண்ணெய் உருண்டை மாதிரி, காய்ந்தாலும் சூடு பட்டாலும் உருக்குலைந்துவிடும். பூனைகளின் லுகீமியா வைரஸ், ஹெர்பிஸ் வைரஸ் எல்லாம் இந்த வகை. லுகீமியா வைரஸ் பூனைக்கு வெளியே சில மணி நேரம் தாக்குப்பிடித்தாலே அதிகம்.

பார்வோவுக்கு இந்தக் கொழுப்பு உறையே கிடையாது. கெட்டியான புரத ஓடு மட்டும்தான். இது புளியங்கொட்டை. சோப்பு போட்டுத் தேய்த்தாலும், சானிடைசர் தெளித்தாலும், மாதக்கணக்கில் அலமாரி மூலையில் கிடந்தாலும் கொட்டை கொட்டையாகவே இருக்கும். வீட்டுக்குள் சாதகமான சூழலில் ஒரு வருடம் வரை கூட இது தொற்றும் திறனோடு இருக்கக்கூடும். ஒரு வாரம் பூட்டிவைப்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

பினாயில் இன்னும் மோசம். நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில் வாசனைதான். ஆனால் பினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் போதும், விஷம் உள்ளே போய்விடும். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிற கிருமிநாசினிகளில் பலவும் இதே வகைதான். வைரஸைக் கொல்லப் போய் பூனைக்கு நஞ்சு வைத்த கதையாகிவிடும்.

புளியங்கொட்டையை உடைக்கச் சாதாரண ப்ளீச் திரவமே போதும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர். ஒரு லிட்டருக்குச் சுமார் 30 மில்லி. முதலில் சோப்பு போட்டு அழுக்கை முழுக்க எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அழுக்கோடு மல்லுக்கட்டியே ப்ளீச்சின் வீரியம் தீர்ந்துபோகும். பிறகு கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் ஏமாற்றுகிறோம். துடைத்த கையோடு உலர்ந்துவிட்டால் செய்தது வீண். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பிறகே பூனையை விட வேண்டும்.

எங்கள் உறையூர் வீட்டில் மொசைக் தரை, அதனால் தரை பிழைத்தது. சோபாவை என்ன செய்வது? ப்ளீச் ஊற்ற முடியாத பொருட்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்: மெத்தை, கயிறு சுற்றிய நகம் கீறும் கட்டை, கம்பளம், தோட்டத்து மண். மிளகு படுத்திருந்த பழைய ஸ்வெட்டரையும் மணல் பெட்டியையும் தூக்கிப் போட்டோம். சோபாவைப் போட மனமும் இல்லை, வசதியும் இல்லை. ஆகவே ‘கழுவியாயிற்று’ என்று நான் சொன்னதன் உண்மையான பொருள், ‘வைரஸின் அளவைக் குறைத்தாயிற்று’ என்பதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “எங்கள் பூனை வாசல்படி தாண்டாது, அதற்கு எதற்கு ஊசி?” என்று கேட்பவர்கள் வாசலில் கழற்றிவைத்திருக்கும் செருப்பைப் பார்க்க வேண்டும். புளியங்கொட்டை அதில் ஒட்டிக்கொண்டும் வரும்.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?

இந்தப் பகுதிதான் முக்கியம்; கொஞ்சம் நின்று படியுங்கள். மிளகைக் கொடுத்தவர் ஓர் அட்டையும் கொடுத்தார். அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆறாவது வாரத்தில் ஓர் ஊசி. “எல்லாம் போட்டாயிற்று” என்றார். நானும் நம்பினேன். ஊசி போட்ட குட்டி ஏன் செத்தது?

பிறந்த குட்டி முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருட்கள் இருக்கின்றன. எதிர்ப்பொருள் என்பது, முன்பு சந்தித்த கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம். ஆன்டிபாடி என்று சொல்வதும் இதைத்தான். குட்டி இதைத் தானாகத் தயாரிக்கவில்லை. தாய் கட்டிக்கொடுத்த சோறு இது. ‘கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?’ என்று நம் வீடுகளில் கேட்பார்கள். பூனைக்குட்டி விஷயத்தில் இதற்குத் துல்லியமான விடை கிடையாது. சிலவற்றுக்கு எட்டாவது வாரத்திலேயே சோறு தீர்ந்துவிடும். சிலவற்றுக்குப் பதினாறு வாரம், ஏன், அதற்கு மேலும் மிச்சமிருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே, யார் அதிகம் குடித்தது என்பதைப் பொறுத்து மாறும்.

தடுப்பூசி என்பது குட்டிக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது. வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் காட்டி, ‘இப்படிப்பட்டவன் வந்தால் எதிர்ப்பொருளை நீயே செய்துகொள்’ என்று பழக்குகிறது. இங்கே ஒரு சிக்கல். தாய் கொடுத்த சோறு மிச்சமிருக்கும்வரை குட்டியின் உடல் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காது. தாயின் எதிர்ப்பொருட்கள் ஊசியில் வந்த வைரஸை உண்மையான எதிரி என்று எண்ணி உடனே அமுக்கிவிடுகின்றன. குட்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஊசி உடலுக்குள் போனது, ஆனால் பாடம் ஏறவில்லை.

இதைவிடக் கொடுமை நடுவில் வரும் சில நாட்கள். தாயின் எதிர்ப்பொருள் நிஜ வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கும். ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு மிச்சமிருக்கும். பழைய சோறும் பசிக்குப் போதாது, புதிய சமையலும் வரவில்லை. இதைப் பாதுகாப்பு இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஊசியை ஒருமுறை போட்டு நிறுத்தாமல், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் நிறையும்வரையிலோ சற்றுத் தாண்டியோ திரும்பத் திரும்பப் போடும்படி உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. ஒவ்வொரு ஊசியும், ‘சோறு தீர்ந்துவிட்டதா?’ என்று கதவைத் தட்டிப் பார்ப்பது. எந்த ஊசி பலித்தது என்று நமக்குத் தெரியாது. பதினாறாவது வாரத்து ஊசி பலிக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பது மட்டும் தெரியும். அதையும் தவறவிட்ட ஒன்றிரண்டைப் பிடிப்பதற்காக ஆறு மாதம் ஒட்டி இன்னொன்று.

ஊசியின் எண்ணிக்கையைவிட, கடைசி ஊசி எந்த வயதில் போடப்பட்டது என்பதே முக்கியம். ‘இரண்டு ஊசி முடிந்தது’ என்றால் உடனே ‘எந்தெந்த வாரத்தில்?’ என்று கேளுங்கள். எட்டிலும் பதினொன்றிலும் போட்டிருந்தால் கணக்கு இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. நாம் குட்டியை ஆசையாகத் தூக்கிவரும் வயது ஆறு முதல் பத்து வாரம். உள்ளங்கையில் அடங்கும், கண் நீலம் மாறியிருக்காது, நடக்கும்போது பின்னங்கால் வழுக்கும். மிகச் சரியாக அந்த வயதில்தான் கட்டுச்சோறு தீரத் தொடங்குகிறது. நமக்குப் பிடித்த வயதும் பார்வோவுக்குப் பிடித்த வயதும் ஒன்றாக இருக்கிறது. எங்கள் சுக்கு பிழைத்ததற்கும் இதே கணக்குதான் காரணம்: அதற்கு ஐந்து வயது, ஊசிகள் உரிய வயதில் முடிந்திருந்தன, தன் சமையலைத் தானே செய்யத் தெரியும். வைரஸ் அதையும் தொட்டிருக்கும், ஆனால் உள்ளே இடம் கிடைத்திருக்காது.

எச்சில், கடி, மணல் பெட்டி

பார்வோவுக்குச் சொன்ன விதியை மற்ற வைரஸ்களுக்கு அப்படியே பொருத்தினால் வீண் பயமும் வரும், வீண் தைரியமும் வரும்.

லுகீமியா வைரஸை 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வந்ததுதான் அவர்களைத் தேட வைத்தது. இதை ‘எச்சில் வைரஸ்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றையொன்று நக்கிக் கொடுப்பது, ஒரே தட்டில் தின்பது, தாய் குட்டியை நக்குவது என்று அன்பாக இருக்கும் பூனைகளிடையே பரவும். வெண்ணெய் உருண்டை ஆதலால் வீட்டுத் தரையைப் பற்றி இங்கே கவலை இல்லை. தொற்றுள்ள பூனை இறந்துபோனால் சில நாட்களில் வீடு சுத்தம்தான். ஆபத்து உயிரோடு இருக்கும் இன்னொரு பூனையில் இருக்கிறது. அது பார்க்க நன்றாகவே இருந்துகொண்டு, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எச்சிலில் வைரஸை விட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே லுகீமியா விஷயத்தில் ப்ளீச்சைவிட இரத்தப் பரிசோதனை பெரிது. புதிதாக வருவதற்கும் பார்க்க வேண்டும், வீட்டில் இருப்பதற்கும் பார்க்க வேண்டும். அண்மையில்தான் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். ஒரு மாதம் கழித்து மறுமுறை பார்ப்பது அதற்காக.

அடுத்தது, ‘பூனை எய்ட்ஸ்’ என்று பயங்கரமாகப் பெயரிடப்பட்ட எஃப்ஐவி. 1986-இல் கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் கண்டறிந்தது. பூனைகளின் நோயெதிர்ப்பை மெதுவாகக் குறைக்கும். மனிதர்களுக்கு வராது. வரவே வராது. லுகீமியா வைரஸும் பான்லுகோபீனியாவும்கூட மனிதர்களுக்கு வருவதில்லை. எஃப்ஐவி பெரும்பாலும் ஆழமான கடியால் பரவுகிறது, அதாவது இரவில் மதிலேறிச் சண்டைபோடும் கடுவன்களின் நோய். கருத்தடை செய்யப்பட்டு, சண்டையில்லாமல் வாழும் பூனைகளிடையே இது பரவுவது அரிது. தொற்றுள்ள பூனைகள் பல, நன்றாகப் பார்த்துக்கொண்டால், பல ஆண்டுகள் வாழ்கின்றன. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பூனையைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

குட்டிகளின் எஃப்ஐவி சோதனையில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை, எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால், குட்டியின் இரத்தத்தில் தெரிவது தாய் கட்டிக்கொடுத்த சோறாகவும் இருக்கலாம். குட்டிக்கு நோயே இல்லாமல் ‘பாசிட்டிவ்’ வரும். ஆறு மாதம் தாண்டி மறுபடி பார்க்கும்வரை முடிவு கட்டக் கூடாது. லுகீமியா சோதனை வைரஸின் புரதத்தையே தேடுவதால் இந்த ஏமாற்று அங்கே இல்லை.

மூன்றாவது, எஃப்ஐபி. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். பூனைகளுக்கென்று ஒரு கொரோனா வைரஸ் இருக்கிறது. மணல் பெட்டியைப் பகிர்வதால் மலம் வழியே பரவும். பல பூனைகள் உள்ள வீடுகளில் அது சர்வசாதாரணம். பெரும்பாலான பூனைகளுக்குச் சற்று வயிறு இளகும், அல்லது ஒன்றுமே ஆகாது. சிறு பங்குப் பூனைகளில் மட்டும் அந்த வைரஸ் உடலுக்குள்ளேயே உருமாறி, குடலை விட்டு வெளியேறி, இரத்த நாளங்களில் அழற்சியை உண்டாக்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் அந்த நோய்தான் எஃப்ஐபி. 1963-இல் பாஸ்டனில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் விவரித்த நாளிலிருந்து அண்மைக்காலம் வரை இது வந்தால் மரணம்தான். 2019-இல் பெடர்சன் குழுவினர் ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பூனைகள் பிழைப்பதைக் காட்டிய பிறகு நிலைமை மாறியது. கொரோனா காலத்தில் நம் ஊர் மருத்துவமனை வாசல்களில் பெயர் அடிபட்ட ரெம்டெசிவிர் இதன் நெருங்கிய உறவு.

உருமாறிய எஃப்ஐபி வைரஸ் பொதுவாகப் பூனைக்குப் பூனை தாவுவதில்லை. தாவுவது சாதாரண கொரோனா வைரஸ். 2023-இல் சைப்ரஸ் தீவில் நேரடியாகப் பரவிய ஒரு புதிய வகை இந்த விதிக்கு வெளியே நிற்கிறது. ஆகவே வீட்டில் ஒரு பூனை எஃப்ஐபியால் இறந்தால், மற்றப் பூனைகள் அந்தச் சாதாரண வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கும். கவலைப்பட வேண்டியது புதிதாக வரும் இளங்குட்டிக்கு. வேறு பூனை இல்லாத வீடென்றால் நன்றாகக் கழுவி இரண்டு மாதம் போல இடைவெளி விடலாம். நெரிசலும் பதற்றமும் இந்த நோய்க்கு எரு. பூனைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பதே நல்ல தடுப்பு.

ஹெர்பிஸ், கேலிசி என்ற இரண்டும் சளி பிடிப்பவை. கண்ணில் பீளை, தும்மல், வாயில் புண். தெருவிலிருந்து வரும் குட்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றனவோ என்று தோன்றும். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் நரம்பு முடிச்சில் போய் ஒளிந்துகொள்ளும், நீறு பூத்த நெருப்பாக. வீடு மாறினால், பயந்தால், மீண்டும் புகையும். இதற்காக ஒரு குட்டியை மறுக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட பூனைக்கு வந்தாலும் லேசாகத்தான் வரும்.

ரேபிஸ் மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனி. அது மனிதரைக் கொல்லும். தெருக்குட்டியை எடுத்தால் மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி கட்டாயம். கடித்தாலோ நகம் பட்டு இரத்தம் வந்தாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிதானே என்ற சலுகை இதில் கிடையாது.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். பார்வோ தரையில் இருக்கிறது, லுகீமியா எச்சிலில் இருக்கிறது, எஃப்ஐவி கடியில் இருக்கிறது, கொரோனா மணல் பெட்டியில் இருக்கிறது. முன்பு இறந்த பூனை எதனால் இறந்தது என்று தெரியாமல் ‘எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?’ என்று கேட்பதில் பொருள் இல்லை. தெரியவே தெரியாது என்றால், மோசமானதான பார்வோ என்றே எண்ணிக்கொண்டு நடப்பது நல்லது.

யாருக்கு யாரால் ஆபத்து?

எல்லோரும் வீட்டால் குட்டிக்கு வரும் ஆபத்தையே பேசுகிறார்கள். குட்டியால் வீட்டுப் பூனைக்கு வரும் ஆபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மிளகு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறாம் நாளில் படுத்தது. பார்வோ உள்ளே புகுந்து வெளியே தெரிய இரண்டு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே அது எங்கள் வீட்டில் பிடித்த நோயா, கூடையோடு வந்த நோயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுக்குவுக்கு ஊசி போடாமல் இருந்திருந்தால் அன்று இரண்டையும் இழந்திருப்பேன். ஆறு நாளும் இரண்டும் ஒரே தட்டில் தின்றன. பார்த்து மகிழ்ந்து படம் வேறு எடுத்தேன்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்களே, அது வெளியாள் உள்ளே வராமல் இருப்பதற்கான அறிவிப்பும்கூட. புதுப்பூனைக்கும் அப்படி ஒரு கதவு வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் பெட்டி. முதலில் வீட்டுப் பூனைக்குச் சோறு வைத்துவிட்டு, பிறகு புதியதைப் பார்க்கப் போக வேண்டும், தலைகீழாக அல்ல. அந்த அறைக்கென்று ஒரு செருப்பு, ஒரு பழைய சட்டை. திரும்பும்போது சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தனி அறைக்கு வழியில்லாத ஓரறை வீடென்றால், வீட்டுப் பூனையின் ஊசிக் கணக்கு முடியும்வரை புதுக்குட்டியை எடுக்காமல் இருப்பதே நியாயம் என்பது என் கருத்து. மனம் கேட்காதுதான்.

பார்வோ வந்த வீட்டுக்கு என்ன செய்யலாம்? ஒரு வருடம் காத்திருக்கலாம், அது ஒரு வழி. அல்லது வீட்டை மாற்ற முடியாதென்றால் வரும் பூனையை மாற்றலாம். பதினாறு வாரத்து ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆன குட்டியோ, ஊசி போட்ட வளர்ந்த பூனையோ அந்த வீட்டுக்கு வரலாம். காப்பகங்களில் ஓராண்டு, ஈராண்டுப் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் உள்ளங்கைக் குட்டிதான் வேண்டும்.

கதவின் இரு பக்கமும்

எனக்கும் குட்டிதான் வேண்டியிருந்தது. பின்தெருவில் கைவிடப்பட்ட குட்டிகளை எடுத்து வளர்த்துக் கொடுக்கும் அக்கா ஒருவரிடம் ஒரு சாம்பல் நிறக் குட்டி இருந்தது. ஏழு வாரம். பார்த்த அன்றே பெயர் முடிவாகிவிட்டது. சுக்கு இருக்கிறது, மிளகு போய்விட்டது, அடுத்து வருவது திப்பிலிதானே.

“இப்போதே எடுத்துக்கொண்டு போங்களேன், பிறகு பெரிதாகிவிடும்” என்றார் அந்த அக்கா. எங்கள் சோபாவைப் பற்றிச் சொன்னேன். பதினாறாவது வாரத்து ஊசி வரை அவரிடமே இருக்கட்டும், மணலும் தீனியும் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்தேன். அங்கே போவதற்கென்றே வாசலில் ஒரு தனிச் செருப்பு. ஒவ்வொரு வாரமும் காது முகத்தைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் காலம் என் கண்ணெதிரே கடந்துபோனதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசி ஊசி ஆடி மாதத்தின் முதல் வாரத்தில் விழுந்தது. அதன்பின் இரண்டு வாரம் கழியட்டும் என்றிருந்தேன். கிளம்பும் நாளில் எதிர்வீட்டு அத்தை வாசலில் மறித்தார். “ஆடியில் யாராவது புதிதாக ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார்களா? ஆவணி பிறக்கட்டும்.” இன்னும் பத்து நாள் சேர்ந்து கிடைப்பது எதிர்ப்பொருளுக்கு நல்லதுதான் என்று நானும் வாதாடவில்லை. பஞ்சாங்கமும் நோயெதிர்ப்பியலும் ஒத்துப்போன அபூர்வமான சந்தர்ப்பம்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை திப்பிலி வந்தது. இரத்தப் பரிசோதனை ஒருமுறை ஆயிற்று. இரண்டாவது முறைக்குத் தேதி குறித்து நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன். பின்னறையில் இன்று பதினோராம் நாள். கதவடி இடுக்கில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிச் செருகியிருக்கிறேன். சுக்கு தினமும் காலையில் வந்து அந்தத் துண்டை முன்னங்காலால் இழுத்துப் பார்க்கிறது. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இழுக்கிறார்கள்.